செல்வ வரியும் தேர்தல் நிதியும்: இந்திய அனுபவம், 1953–2024

சுதந்திர இந்தியாவில் பெருஞ்செல்வர்கள் மீது விதிக்கப்பட்ட வரிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் பொருளியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அரசியல் கட்சிகளுக்கு நிறுவனங்கள் வழங்கிய நன்கொடையின் வரலாற்றைச் சட்ட அறிஞர்களும் தேர்தல் சீர்திருத்தம் கோருவோரும் எழுதியிருக்கிறார்கள். துறைகள் வேறு என்பதால் இரு வரலாறுகளும் நூலகத்தில் வெவ்வேறு அலமாரிகளில் தங்கிவிட்டன. இரண்டின் ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால் சில பொருத்தங்கள் கண்ணில் படாமல் போகா. செல்வ வரிச் சட்டம் நிறைவேறிய 1957ஆம் ஆண்டில்தான், ஒரு நிறுவனம் தன் பணத்தைக் கட்சிக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி ஒழிக்கப்பட்ட 1985ஆம் ஆண்டில்தான், பதினாறு ஆண்டுகளாகத் தடைப்பட்டிருந்த நிறுவன நன்கொடை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. செல்வ வரி கைவிடப்பட்டது 2015இல். நிறுவன நன்கொடைக்கான உச்சவரம்பு அகற்றப்பட்டது 2017இல். இரண்டும் ஒரே நிதி அமைச்சர் கொண்டுவந்த நிதி மசோதாக்களுக்குள் அடங்கியிருந்தன.

இந்தப் பொருத்தங்களைக் கண்டதும், பணம் கொடுத்தவர்கள் சட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். அப்படிச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதோடு, சான்று கிடைக்காதபடி சட்டமே பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கு ஆராயப்படுவது அதைவிடக் குறுகிய ஒன்று. வரி வீதம் எத்தனை விழுக்காடு என்பது மேடையிலும் நாளிதழிலும் பேசப்படுகிறது. எது செல்வம், எது தேர்தல் செலவு, யார் நன்கொடையாளர் என்ற வரையறைகளோ உட்பிரிவுகளில், விளக்கக் குறிப்புகளில், பின்தேதியிட்ட திருத்தங்களில் முடிவாகின்றன. இந்தியாவில் செல்வர்கள் மீதான வரியும் தேர்தல் பணத்தின் மீதான கட்டுப்பாடும் தோற்றுப்போன இடம் இந்த வரையறைகள்தான்.

கால்டர் பின்னிய வலை

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. தமிழகத்தில் ‘சொத்து வரி’ என்றால் மாநகராட்சியோ நகராட்சியோ வீட்டுக்கும் கடைக்கும் விதிக்கும் வரி. அது இங்கு பேசப்படும் பொருளன்று. ‘செல்வ வரி’ என்பது குறிப்பிட்ட ஒரு நாளில் ஒருவரிடம் உள்ள சொத்துகளின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து எஞ்சும் நிகர மதிப்பின் மீது மத்திய அரசு ஆண்டுதோறும் விதித்த வரி. ‘எஸ்டேட் டியூட்டி’ என்று வழங்கிய வரியோ ஒருவர் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மீது ஒருமுறை விதிக்கப்பட்டது. வாரிசு ஒவ்வொருவரும் பெறும் பங்கின் மீது விதிக்கப்படும் வாரிசுரிமை வரிக்கு இது நெருங்கிய உறவு என்றாலும் கணக்கிடும் முறை வேறு. சி. டி. தேஷ்முக் நிதி அமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட எஸ்டேட் டியூட்டிச் சட்டம் 1953 அக்டோபர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் உச்ச வீதம் காலப்போக்கில் 85 விழுக்காடு வரை ஏறியது.

செல்வ வரிக்கான யோசனை கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. புடாபெஸ்டில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் இந்திய வரி அமைப்பை ஆராய்ந்து அளித்த அறிக்கையில், வருமானம் என்ற ஒற்றை அளவுகோலை வைத்து ஒருவரின் வரி செலுத்தும் திறனை அளக்க முடியாது என்று வாதிட்டார். பெட்டகம் நிறையத் தங்கத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பைசாக்கூட வருமானம் காட்டாத ஒருவரும், கையில் எதுவுமில்லாத ஏழையும் வருமான வரிக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்பார்கள் என்பதை எண்ணினால் அவருடைய வாதத்தின் வலு புரியும். ஆகவே வருமானம், மூலதன ஆதாயம் (சொத்தை விற்கும்போது கிடைக்கும் லாபம்), நிகரச் செல்வம், கொடை, சொந்தச் செலவு ஆகிய ஐந்தின் மீதும் வரி விதித்து, ஐந்தையும் ஒரே படிவத்தில் காட்டச் செய்ய வேண்டும் என்றார். ஒருவர் வாங்கியதாகக் காட்டும் சொத்து இன்னொருவர் விற்றதாகக் காட்ட வேண்டிய சொத்தாகும். செலவைக் குறைத்துக் காட்டினால் சேமிப்பு கூடித் தெரியும். சேமிப்பை மறைத்தால் வருமானத்தோடு கணக்கு இடிக்கும். வரிகள் ஒன்றையொன்று காவல் காக்கும் இந்த அமைப்பில் வருமான வரியின் உச்ச வீதம் 45 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை என்பதும் அவர் பரிந்துரையின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தது.

அதைத்தான் பிரித்தார்கள். சென்னையில் வணிக நிறுவனம் ஒன்றை நிறுவிப் பின்னர் அரசியலுக்கு வந்தவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957 மே மாதத்தில் அளித்த நிதிநிலை அறிக்கையில் செல்வ வரியும் செலவு வரியும் அறிவிக்கப்பட்டன. கொடை வரி அடுத்த ஆண்டு வந்தது. வருமான வரியின் உச்ச வீதமோ உழைத்துப் பெறாத வருமானத்துக்கு ஏறத்தாழ 92 விழுக்காட்டிலிருந்து 84க்கும், உழைத்துப் பெற்ற வருமானத்துக்கு 77க்கும் இறங்கியதோடு நின்றது. ஐந்தையும் சேர்க்கும் ஒற்றைப் படிவம் பிறக்கவே இல்லை. செலவு வரி 1962இல் மொரார்ஜி தேசாயால் நீக்கப்பட்டு, 1964இல் கிருஷ்ணமாச்சாரி மீண்டும் நிதி அமைச்சரானபோது உயிர்பெற்று, 1966இல் மறுபடியும் மறைந்தது. இலங்கையிலும் கால்டரின் ஆலோசனையை ஏற்று 1959இல் செல்வ வரியும் செலவு வரியும் கொடை வரியும் கொண்டுவரப்பட்டன. அங்கும் செலவு வரி சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. வலையின் கயிறுகளில் இரண்டை அறுத்துவிட்டு மீன் சிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதுதான் பிந்தைய முப்பது ஆண்டு வரிக் குழு அறிக்கைகளின் பொதுவான தொனி.

எஃகு நிறுவனத்தின் அமைப்பு விதி

கால்டரின் அறிக்கை அச்சேறிய காலத்தில், டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகியிருந்தது. ஒரு நிறுவனம் எந்தெந்த நோக்கங்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பதைச் சொல்லும் அடிப்படை ஆவணம் அமைப்பு விதி. அதில் இல்லாத காரியத்துக்குப் பங்குதாரர்களின் பணத்தைச் செலவிட முடியாது. இரும்பு உருக்கும் நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதி வழங்குவதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள விரும்பியது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். 1957இல் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, அன்றைய கம்பெனிச் சட்டத்தில் தடை ஏதும் இல்லாததால் திருத்தத்தை அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் இளம் குடியரசில் பெருநிறுவனங்களின் பணம் கட்சிகளுக்குப் பாயத் தொடங்கினால் அது மக்களாட்சியையே நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதினார். அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே தீர்ப்பில் அமைந்தது விந்தையாகத் தோன்றலாம். சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் நீதிபதியால் அதற்கு மேல் செல்ல முடியவில்லை என்பதே உண்மை.

சில மாதங்களில் அதே சாக்ளா வேறொரு பொறுப்பை ஏற்க நேர்ந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்ததை ஃபெரோஸ் காந்தி மக்களவையில் அம்பலப்படுத்தியதும், அதை விசாரிக்கும் ஒருநபர் ஆணையமாக அவர் அமர்த்தப்பட்டார். விசாரணையின் விளைவாக 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செல்வ வரியைக் கொண்டுவந்த அமைச்சர், ஒரு செல்வருக்குப் பொதுப்பணம் சென்ற விவகாரத்தில் பதவியிழந்தார் என்பதில் காரண காரியத் தொடர்பு எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் வரி விதிக்கும் அரசும், முதலீடு செய்யும் அரசும், உரிமம் வழங்கும் அரசும் ஒன்றே என்ற நிலையில், செல்வர்களுக்கு அரசின் வாசலில் எத்தனை வேலைகள் இருந்தன என்பதை அந்த விவகாரம் காட்டிக்கொடுத்தது.

நாடாளுமன்றம் 1960இல் கம்பெனிச் சட்டத்தில் 293ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 25,000 ரூபாய் அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம். கொடுத்ததை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964இல் அளித்த அறிக்கை, நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை முற்றிலும் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1969இல் அந்தத் தடை வந்தபோது ஊழலைப் பற்றிய கவலை மட்டுமே அதற்குக் காரணமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, உரிம ஆட்சியையும் கனத்த நேர்முக வரிகளையும் எதிர்த்து, தொழிலதிபர்கள் சிலரின் ஆதரவோடு 1967 மக்களவையில் 44 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்தது. நிறுவனப் பணம் தனக்கு மட்டும் வந்தவரை ஆளுங்கட்சிக்கு அது கொள்கைச் சிக்கலாகத் தோன்றவில்லை என்று விமர்சகர்கள் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நூறைத் தாண்டிய வரி

தடை வந்தபின் காசோலை நின்றது; பணம் நிற்கவில்லை. கணக்கில் காட்ட முடியாத பணத்தைக் கணக்கில் காட்டாமலே கொடுக்க வேண்டியதாயிற்று, அதற்குக் கணக்கில் வராத வருமானம் தேவைப்பட்டது. அந்த வருமானம் பெருகுவதற்கு வரிச் சட்டமே இடம் அமைத்துக் கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம், மேல்வரியும் சேர்த்து 97.75 விழுக்காடாக இருந்தது. செல்வ வரியின் உச்ச வீதம் 8 விழுக்காட்டைத் தொட்டது. உச்சப் படியில் இருக்கும் ஒருவரிடம் 100 ரூபாய்ச் சொத்து இருந்து, அது ஆண்டுக்கு 10 ரூபாய் ஈட்டுவதாகக் கொண்டால், வருமான வரி போக அவர் கையில் மிஞ்சுவது இருபத்திரண்டரைக் காசு. அதே சொத்துக்குச் செல்வ வரியாக 8 ரூபாய் கட்ட வேண்டும். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவர் ஆண்டுதோறும் சொத்தில் ஒரு பகுதியை விற்றால்தான் வரி கட்ட முடியும். அப்படி விற்றுக் கட்டியவர்களால் நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியவில்லை. சொத்தைக் குறைத்து மதிப்பிடும் கலையும், குடும்பத்துக்குள் பலர் பெயரில் பிரித்து எழுதும் பழக்கமும், ரொக்கப் பரிமாற்றமும் வளர்ந்தன.

உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. என். வாஞ்சூ தலைமையிலான நேர்முக வரிகள் விசாரணைக் குழு 1971இல் அளித்த இறுதி அறிக்கை இந்த இடத்தில் முக்கியமானது. கறுப்புப் பணத்தின் காரணங்களை வரிசைப்படுத்தியபோது, மிகை வரி வீதங்களையும் கட்டுப்பாடுகளால் உண்டான தட்டுப்பாட்டையும் சொன்ன குழு, அரசியல் கட்சிகளுக்கான நன்கொடையையும் அதே பட்டியலில் சேர்த்தது. வருமான வரியின் உச்ச வீதத்தை 75 விழுக்காட்டுக்கு இறக்கும்படியும் கூறியது. வரிக் குழு ஒன்று வரியின் வேரைத் தோண்டிக்கொண்டு போய்த் தேர்தலில் முட்டியது என்பதே அந்த அறிக்கையின் தனிச்சிறப்பு. வீதங்கள் பின்னர் படிப்படியாக இறங்கின. தேர்தல் நிதி பற்றிய பகுதி படிக்கப்படாமலே கிடந்தது.

கிடந்ததோடு போகவில்லை, எதிர்த்திசையில் ஓர் அடியும் எடுத்துவைக்கப்பட்டது. டெல்லி சதர் தொகுதித் தேர்தல் தொடர்பான கன்வர்லால் குப்தா வழக்கில் 1974 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அந்த வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. தீர்ப்பின் மை உலர்வதற்குள் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு ‘விளக்கம்’ சேர்த்து, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்று முடிவு செய்தது. வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை என்ற நிலையின் வேர் அந்த விளக்கத்தில் இருக்கிறது. இன்று பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவிடலாம் என்ற வரம்பைச் செய்தித்தாளில் படிக்கும் வாக்காளர் சிரிக்கிறார் என்றால், அந்தச் சிரிப்புக்குச் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 1979 முதல் கட்சிகளின் வருமானத்துக்கு வருமான வரி விலக்கும் கிடைத்தது. அதற்கு நிபந்தனையாகக் கணக்கு வைத்துத் தாக்கல் செய்ய வேண்டியிருந்த கட்சிகள் பல ஆண்டுகளாகத் தாக்கலே செய்யவில்லை என்பது ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் வெளிப்பட்டது.

வசூல் குறைவு என்ற காரணம்

எஸ்டேட் டியூட்டியை நீக்கிய நிதி அமைச்சர் விஸ்வநாத் பிரதாப் சிங் 1985 மார்ச்சில் சொன்ன காரணம், அதன் ஆண்டு வசூல் ஏறத்தாழ 20 கோடி ரூபாய் மட்டுமே என்பதும், செல்வப் பகிர்வைச் சீராக்கும் நோக்கத்தில் அது வெற்றி பெறவில்லை என்பதும், வசூலிக்க ஆகும் செலவு அதிகம் என்பதும். மூன்றும் உண்மையே. ஆனால் அரசியல் சாசனப்படி இந்த வரியின் நிகர வருவாய் மாநிலங்களுக்கு உரியது என்பதை மறந்துவிடக் கூடாது: ஆள் அமர்த்தி, மதிப்பிட்டு, வழக்காடி வசூலிப்பது மத்திய அரசு, பணம் போவது மாநிலங்களுக்கு. ஆதாயமில்லாத வேலையில் ஊக்கம் குன்றுவது அலுவலகங்களின் இயல்பு. அதே ஆண்டு வருமான வரியின் உச்ச வீதம் 50 விழுக்காட்டுக்கு இறங்கியது. கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை கட்சிகளுக்குக் கொடுக்க நிறுவனங்கள் மீண்டும் அனுமதி பெற்றன.

செல்வ வரி இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தது. ஆனால் 1993 முதல் அது பெயரளவிலான செல்வ வரிதான். தமிழ்ப் பொருளியலாளர் ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு, தொழிலுக்குப் பயன்படும் சொத்துகளை விட்டுவிட்டு ‘ஆக்கமற்ற’ சொத்துகள் மீது மட்டும் செல்வ வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. நிதி அமைச்சர் மன்மோகன் சிங் அதை ஏற்றார். அதன்படி வரிக்குரியவையாக எஞ்சியவை கூடுதல் வீடுகள், நகர்ப்புற மனை, நகை, தங்க வெள்ளிக் கட்டி, கார், படகு, விமானம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கைரொக்கம் ஆகியவை மட்டுமே. பங்குகளும் பத்திரங்களும் வங்கி வைப்புகளும் வணிகக் கட்டடங்களும் பட்டியலிலிருந்து வெளியேறின. முதலீட்டைத் தூண்டுவது குழுவின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மிகப் பெரிய செல்வர்களின் செல்வம் நகைப்பெட்டியில் இருப்பதில்லை. அவர்கள் நடத்தும் நிறுவனங்களின் பங்குகளில் இருக்கிறது.

சொந்த வீட்டில் வசித்துக்கொண்டு, தாம்பரத்தில் 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள காலிமனை ஒன்றைத் தவிர வேறு வரிக்குரிய சொத்தில்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வரம்பு 30 லட்சமாகவும் வீதம் 1 விழுக்காடாகவும் இருந்த கடைசி ஆண்டுகளில் அவர் 20,000 ரூபாய் செல்வ வரி கட்ட வேண்டும். பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றில் 1,000 கோடி ரூபாய்ப் பங்குகளை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வசிக்கும் தொழிலதிபர் அந்தப் பங்குகளுக்காகக் கட்ட வேண்டிய செல்வ வரி சுழியம். மதிப்பிடும் விதிகளும் அப்படியே. நெடுங்காலமாகக் கையிலிருந்த கட்டடத்தின் மதிப்பை, சந்தை விலையைப் பார்க்காமல், ஆண்டு நிகர வாடகையைப் பன்னிரண்டரையால் பெருக்கிக் கணக்கிட விதி இடம் தந்தது. வாடகை பழையதாக இருந்தால் மதிப்பும் பழையதாகவே இருக்கும். இவ்வளவு கழித்தபின் 2013–14இல் நாடு முழுவதும் வசூலான செல்வ வரி 1,008 கோடி ரூபாய். 2015 நிதிநிலை அறிக்கையில் நிதி அமைச்சர் அருண் ஜெட்லி இந்த எண்ணைக் காட்டித்தான், செலவு அதிகம், வசூல் குறைவு என்று வரியை நீக்கினார்.

அதற்கு ஈடாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது 2 விழுக்காடு மேல்வரி கூட்டப்பட்டது. அதிலிருந்து 9,000 கோடி கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. கருவூலக் கணக்கில் இது லாபமான மாற்றம்தான். ஆனால் மேல்வரி வருமானத்தின் மீது விழுகிறது. செல்வத்தின் மீது அன்று. பங்கின் விலை ஆண்டுக்காண்டு ஏறினாலும் விற்காதவரை அது வருமானமாகாது. விற்காமலே வாரிசுக்குப் போனால் அப்போதும் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. 2019இல் உச்ச மேல்வரி 37 விழுக்காடாக உயர்ந்து, மொத்த வீதம் 42.74 விழுக்காட்டை எட்டியபோதுகூட, பட்டியலிட்ட பங்குகளின் ஆதாயத்துக்கு அந்த உயர்வு சில வாரங்களில் விலக்கப்பட்டது. அதிகச் சம்பளம் வாங்கும் மருத்துவரும் வழக்கறிஞரும் முழு மேல்வரியையும் சுமக்க, உரிமையாளருக்குக் குறைந்த வீதம் வாய்த்தது.

புற ஊதா ஒளியில் தெரிந்த எண்

கட்சி நிதியின் பக்கம் இதே ஆண்டுகளில் நடந்தவை இன்னும் விரைவானவை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் உச்சவரம்பை 7.5 விழுக்காடாக உயர்த்தியதோடு, எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைக் கணக்கில் பெயரோடு காட்டவும் கட்டாயப்படுத்தியிருந்தது. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறி ஒரு பன்னாட்டுக் குழுமத்தின் இந்தியத் துணை நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றன என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் ‘வெளிநாட்டு மூலம்’ என்ற சொல்லின் வரையறை 2016 நிதிச் சட்டத்தின் வழியே 2010 வரைக்கும், 2018 நிதிச் சட்டத்தின் வழியே 1976 வரைக்கும் பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. குற்றத்தை மன்னிப்பதற்குப் பதிலாகக் குற்றத்தின் வரையறையை நாற்பது ஆண்டுகள் பின்னோக்கி மாற்றிய சட்டம் உலகில் அதிகம் இருக்க முடியாது. எதற்கெடுத்தாலும் மோதிக்கொண்ட இரு கட்சிகளுக்கும் இந்தத் திருத்தம் ஒருசேரப் பயன்பட்டது.

2017 நிதிச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது: லாபத்தில் 7.5 விழுக்காடு என்ற வரம்பை அகற்றியது. நிறுவனங்கள் கட்சியின் பெயரைக் காட்ட வேண்டிய கடமையை நீக்கியது. தேர்தல் பத்திரங்களுக்கு வழி திறந்தது. வரம்பு போனதால் நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றாயிற்று. நிதி மசோதா பண மசோதாவாக வகைப்படுத்தப்பட்டிருந்ததால் மாநிலங்களவைக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே இருந்தது. நன்கொடை வரம்பையும் வெளிப்படுத்தும் கடமையையும் காக்க மார்க்சிஸ்ட் உறுப்பினர் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தங்களை அந்த அவை ஏற்றது. மறுநாளே மக்களவை அவற்றைத் தள்ளுபடி செய்தது. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. இது பின்னோக்கிய நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் எழுத்தில் சொன்னது.

பத்திரம் என்பது பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில், ஆண்டுக்கு நான்கு முறை பத்து நாட்களுக்கு விற்கப்பட்ட காகிதம். ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் கிடைத்தது. பதினைந்து நாளுக்குள் கட்சி தன் கணக்கில் செலுத்த வேண்டும். வாங்கியவர் பெயரும் அதில் இருக்காது, பெறுபவர் பெயரும் இருக்காது. வெறும் கண்ணுக்குத் தொடரெண்ணும் தெரியாது. புற ஊதா ஒளியில் பிடித்தால் மட்டும் வலது மேல் மூலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் ஒளிரும் என்பதை 2018இல் ஒரு பத்திரிகையாளர் ஆய்வகச் சோதனையின் வழியே கண்டுபிடித்தார். வாக்காளருக்கு மறைத்தது, அரசுக்குச் சொந்தமான வங்கிக்கு மறைவாக இல்லை. விற்ற மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள் என்பதிலிருந்து, இது எளிய ஆதரவாளர்களின் உண்டியலாக இருக்கவில்லை என்பது தெளிவு.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தது. யாருடைய பணம் எந்தக் கட்சிக்குப் போகிறது என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றும், வரம்பற்ற நிறுவன நன்கொடை தன்னிச்சையானது என்றும் சொன்ன நீதிமன்றம், இதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்ற கேள்விக்கு மட்டும் விடையளிக்காமல் விட்டது. ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு ஒரே நாள் அவகாசம் கிடைத்தது. விவரங்கள் மார்ச் மாதத்தில் வெளியாயின. 2019 ஏப்ரல் முதல் பணமாக்கப்பட்ட பத்திரங்களில் ஏறத்தாழ பாதி, சுமார் 6,060 கோடி ரூபாய், பாரதிய ஜனதாவுக்குச் சென்றிருந்தது. அடுத்த இடங்களில் திரிணாமூல் காங்கிரஸ், காங்கிரஸ், பாரத் ராஷ்டிர சமிதி, பிஜு ஜனதா தளம், திராவிட முன்னேற்றக் கழகம் ஆகியவை. கொள்கையில் வேறுபட்ட இந்தக் கட்சிகளுக்குப் பொதுவானது, இவை ஒவ்வொன்றும் அந்த ஆண்டுகளில் எங்கேனும் ஆட்சியில் இருந்தன என்பதுதான். பணம் கொள்கையைத் தேடிப் போனதைவிடக் கையெழுத்தைத் தேடிப் போனதே அதிகம்.

வாங்கியவர்களின் பட்டியலில் முதலிடம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய, கோயம்புத்தூரோடு தொடர்புடைய ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு. தமிழகத்தில் லாட்டரி விற்பனை 2003இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. கொடுத்தவர்களிடமே விவரம் கேட்டுப் பெற்று வெளிப்படையாக அளித்த மிகச் சில கட்சிகளுள் ஒன்றான திராவிட முன்னேற்றக் கழகம், தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த நிறுவனத்திலிருந்து வந்தது என்று தெரிவித்தது. வேறு பல கட்சிகள் யார் கொடுத்தார்கள் என்பது தங்களுக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தன. ஒரு கோடி ரூபாய்த் தாளை யார் தந்தார்கள் என்று நினைவில்லாத பொருளாளர்கள் இத்தனை பேர் இருப்பது வியப்புக்குரியது.

பத்திரங்கள் விற்பனையில் இருந்த ஆண்டுகளில் நிகழ்ந்த மிகப் பெரிய வரிச் சலுகை 2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டத்தால் நிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22க்கு இறக்கியது. அரசு சொன்ன கணக்கின்படி ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு. ஆசிய நாடுகளோடு போட்டியிட இது தேவை என்ற பொருளாதார வாதம் அதற்கு இருந்தது. நன்கொடைக்கும் அதற்கும் தொடர்பு என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் அந்த நாளில் எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்திருந்தது என்று கேட்கும் உரிமையே குடிமகனுக்கு இல்லை. அண்மை ஆண்டுகளில் நிறுவன வரியைவிடத் தனிநபர் வருமான வரி அதிகமாக வசூலாகிறது.

பத்திர விவரங்கள் வெளியான அதே 2024 மார்ச்சில், உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தைச் சேர்ந்த நிதின் குமார் பாரதி, லூகா சான்சல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர், நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருப்பதாக மதிப்பிட்டனர். 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிகரச் செல்வத்துக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடும், அதே அளவுக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 33 விழுக்காடும் வரி விதித்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.73 விழுக்காடு கிடைக்கும் என்று மே மாதத்தில் அவர்கள் கணக்கிட்டார்கள். செல்வத்தில் பங்குகளையும் சேர்க்கும் வரையறை அவர்களுடையது. 1993இல் கைவிடப்பட்டதும் அதுவே. ஏப்ரலில் காங்கிரஸ் பிரமுகர் ஒருவர் அமெரிக்க வாரிசுரிமை வரியைக் குறிப்பிட்டுப் பேசியது தேர்தல் மேடைகளில் பெரும் விவகாரமானதும், அது தன் கொள்கை அல்ல என்று அந்தக் கட்சி உடனடியாக விலகிக்கொண்டது.

அந்தத் தேர்தலில் பெருஞ்செல்வர்கள் மீது செல்வ வரியையும் வாரிசுரிமை வரியையும் வாக்குறுதியாக எழுதிவைத்த கட்சிகளுள் ஒன்று மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி. தேர்தல் பத்திரம் எதையும் பெறாத அது, பத்திர வழக்கில் மனுதாரராகவும் நின்றது. மக்களவையில் அதற்குக் கிடைத்த இடங்கள் நான்கு. அவற்றுள் மதுரையும் திண்டுக்கல்லும் திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டணியில் வென்றவை. அதற்கு முந்தைய 2019 தேர்தலில் அந்தக் கழகம் தன் செலவுக் கணக்கில், மார்க்சிஸ்ட் கட்சிக்குக் கொடுத்ததாக 10 கோடி ரூபாயைக் காட்டியிருந்தது.